அக்காவின் நாக்கும் சுவரோரத்து மண்ணும்

என் அக்கா மண் தின்கிறாள் என்பது அவள் சிரித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அத்தான் தன்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த ஒருவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் தானே திடுக்கிட்டு, ஓரமாக ஒதுங்கி வழிவிடுவாராம். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆறு மாத வயிறு அது. அவள் சிரித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அது தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கும். அப்போதுதான் பார்த்தேன், அவளுடைய முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கோடு.

வேறு யாராக இருந்தாலும் காப்பித்தூள் என்று நினைத்திருப்பார்கள். நான் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். காலையில் போனால் சாயங்காலம்வரை மண்ணைத் தட்டில் பரப்பிக் காயவைப்பதும், இடிப்பதும், சலிப்பதும்தான் பிழைப்பு. மண்ணை எங்கே பார்த்தாலும், தெரிந்தவரைத் தெருவில் பார்த்ததுபோல் என் முகம் தானாக மலர்ந்துவிடும். அக்காவின் பல்லைப் பார்த்தும் மலர்ந்தது. அது மண் இருக்கக்கூடாத இடம் என்று பிறகுதான் உறைத்தது.

அத்தான் கை கழுவப் போனதும் கேட்டுவிட்டேன். அக்கா பல் மருத்துவரிடம் உதவியாளர். ஊரார் வாயைத் திறந்துவைத்து விளக்கடித்துப் பார்த்து, இப்படித் துலக்கு, அப்படித் துலக்கு என்று நாளெல்லாம் உபதேசம் செய்கிறவள். பிடிபட்டதும் முதல் வேலையாக நாக்கால் பல்லைத் துழாவினாள்.

"ரெண்டு மாசமா இப்படித்தான்" என்றாள். "மழை பெஞ்சு வாசனை வந்துச்சுன்னா என்னால நிக்க முடியலடி. அத்தான்கிட்ட சொல்லிடாதே."

சொல்ல மாட்டேன் என்றேன். எனக்கு ஒரே சிரிப்பாக வந்தது. கூடத்தில் ஒரு நாளைக்கு எத்தனையோ பை மண் என் கையைத் தாண்டிப் போகிறது. ஒன்றையாவது ருசி பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லையே என்று ஏக்கமாகக்கூட இருந்தது. எங்கே எடுக்கிறாய் காட்டு என்று அவளைக் கொல்லைப்புறத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

நான்கு பேர் பாய் விரித்துப் படுக்கலாம், அவ்வளவுதான் அந்தக் கொல்லை. ஒரு மூலையில் குழாய், எதிரே துணி காயப்போடும் கம்பி, மாடிக்குப் போகும் படிக்கட்டு, பின்னால் பாசி படிந்த மதில் சுவர். அக்கா இடுப்பில் கைவைத்து நின்று, பண்டக்கடைக்காரர் ஜாடி ஜாடியாகக் காட்டுவதுபோல் காட்டினாள். குழாயடி மண் குளிர்ச்சி, வாயில் போட்டதும் கரைந்துவிடும். கம்பிக்குக் கீழே இருப்பதில் கொஞ்சம் சோப்பு வாடை, அவசரத்துக்குப் பரவாயில்லை. படிக்கட்டுக்கு அடியில் இருப்பதுதான் ராஜா, நல்ல மொறுமொறுப்பு.

"அந்தச் சுவரோரம்?"

"அது லேசா இனிக்கும்."

என் சிரிப்பு நின்றுவிட்டது. மண் புளிக்கலாம், கரிக்கலாம், துவர்க்கலாம். இனிக்கக் கூடாது. ஈயத்தின் உப்புகளில் சில இனிக்கும் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள், எதையும் நாக்கில் வைக்காதே என்ற எச்சரிக்கையோடு. நாக்கை நம்பி முடிவு கட்டக் கூடாதுதான். ஆனாலும் அந்த ஒரு சொல் என் முதுகில் ஐஸ் வைத்ததுபோல் இருந்தது.

மாடியில் குடியிருந்த வீட்டுக்காரம்மாவிடம் போய், சுவருக்குப் பின்னால் முன்பு என்ன இருந்தது என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். இப்போது மெத்தை கிடங்கு இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் பேட்டரி கடை இருந்ததாம். பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருப்பதை அடுப்பில் உருக்குவார்களாம். மிச்சத் தண்ணீரைச் சுவரடியில் ஊற்றுவார்களாம். வீட்டுக்காரம்மா அதை ஏதோ திருவிழா பார்த்தவர்போல் சந்தோஷமாகச் சொன்னார். உருக்கும்போது அது நிலா மாதிரி மின்னுமாம்.

கீழே வந்து, கொடுத்த வாக்கை மீறி அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஈயம் வயிற்றுக்குள் போனால் அம்மாவோடு நிற்காது, குழந்தைக்கும் போகும், குழந்தையின் மூளையைத்தான் முதலில் பிடிக்கும் என்றேன். அத்தானின் வலது கால், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு முன்னால் தரையை ஓங்கி மிதித்தது. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவருக்கு எந்த ஆபத்தென்றாலும் கால் முதலில் பிரேக்கைத்தான் தேடும்.

மறுநாளே டாக்டரிடம் போனோம். அக்கா வெட்கத்தில் பாதியாகிப்போயிருந்தாள். டாக்டரம்மாவோ அசரவில்லை. சாக்பீஸ் தின்கிறவர், சுவர்க் காரையைச் சுரண்டித் தின்கிறவர், தீக்குச்சி முனையைக் கடிக்கிறவர் எல்லாம் அவரிடம் வருகிறார்களாம். வெறும் மண்தானா என்று அவர் கொஞ்சம் ஏமாந்ததுபோல்கூட எனக்குப் பட்டது. உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் இப்படி ஆசை வரும் என்று மாத்திரை எழுதினார். ஈயம் இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்தார். அதைப் பார்க்கும் வசதி வேறு ஊரில்தான் இருக்கிறது, முடிவு வரக் காத்திருக்க வேண்டும் என்றார்.

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. ரத்தம் அவர்கள் துறை, மண் என் துறை. சனிக்கிழமை மண் எடுக்கும் துளைக்கோலோடு வருகிறேன், கொல்லையை நானே டெஸ்ட் பண்ணிப் பார்த்துவிடுகிறேன் என்றேன். டெஸ்ட் என்ற சொல்லைக் கேட்டதும் அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை மண் எடுத்தேன். அக்கா எடுப்பது மேல் மண்ணைத்தானே, நானும் மேலாகவே எடுத்தேன். ஒவ்வொரு மூலையிலும் சில இடங்களில் குத்தி, வாளியில் கலந்து, தாளில் வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டேன். துளைக்கோல் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. மழை பெய்து ஊறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சுவரோரத்தில் காய்ந்த இலைகள் யாரோ அடுக்கிவைத்ததுபோல் அழகாகக் கிடந்தன. அதையும் நான் ரசித்தேனே தவிர, சந்தேகப்படவில்லை. அத்தான் என் பின்னாலேயே நின்று, நல்லா வருமா, நல்லா வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நல்லாத்தான் வந்தது. காயவைத்து, இடித்து, சலித்து, அமிலத்தில் கரைத்து வடிகட்டி இயந்திரத்துக்குக் கொடுத்தால், திரையில் வந்த எண்ணைப் பார்த்து என் கண்ணையே நம்ப முடியவில்லை. ஈயம் இருப்பதாகவே சொல்ல முடியாது. நான்கு மூலையும் அப்படியே. நடைபாதையிலேயே அக்காவுக்கு போன் போட்டு, சுத்தம், சுவரோரம்கூடச் சுத்தம் என்று கத்தினேன். அந்தப் பக்கம் அவள் சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, தண்ணீர் கொதிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. நான் காயவைக்கும் அறைக்குள் ஓடி, தட்டுகளுக்கு நடுவில் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினேன்.

சுற்றி நின்றபோது எதிரே சல்லடை சார் நின்றுகொண்டிருந்தார். எங்கள் மேலதிகாரி. அவரிடமிருந்து எதுவும் தப்பிப் போகாது என்பதால் அந்தப் பெயர். அவருக்கும் தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டார். நான் ஆடியதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என் தட்டில் மிச்சமிருந்த அக்கா வீட்டு மண்ணை ஊசியால் கிளறினார். பொரி நொறுங்கியதுபோல் வெள்ளையாக ஒரு துணுக்கை ஊசி முனையில் எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். தொட்டிச் செடிக்கு வேர் மூச்சுவிட வேண்டும் என்று நர்சரிக்காரர்கள் மண்ணில் கலப்பது அது.

"இது கடையில பையில வாங்குன மண்ணும்மா" என்றார். "நாலு மூலை மண்ணும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தாப் பரவாயில்ல. இங்க ஒரே ஆளு நாலு சட்டை மாத்திப் போட்டுட்டு வந்திருக்கான்."

அக்காவுக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. பஸ் எனக்காக நிற்காது என்பதால் பாதி தூரம் ஓடினேன். மேல்மண் புதிது, அடிமண் பழையது, அவள் எவ்வளவு ஆழம் தோண்டுவாளோ என்று நினைக்க நினைக்கக் கால் இன்னும் வேகமாக ஓடியது. வீட்டுக்குள் செருப்போடு புகுந்து கொல்லைக்கதவைத் திறந்தால், படிக்கட்டுக்கு அடியில் அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பீங்கான் தட்டு. கையில் ஸ்பூன். கொண்டாட்டம் நடந்துகொண்டிருந்தது.

ஸ்பூனைப் பிடுங்கி எறிந்தேன். அது கம்பியில் பட்டு ஒரு துவாலைக்குள் போய் விழுந்தது.

"சுத்தம்னு நீதானடி சொன்னே."

"துப்பு முதல்ல."

துப்பினாள். வாயைக் கொப்பளித்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினாள். "நானே நிறுத்திடலாம்னுதான் இருந்தேன். ஒரு வாரமா எதுலயும் ருசியே இல்ல. எல்லா மூலையும் ஒரே மாதிரி சப்புன்னு இருக்கு."

எங்கள் கூடத்தின் இயந்திரமும் நானும் கண்டுபிடிக்காததை அவள் நாக்கு கண்டுபிடித்திருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் நின்றது. அத்தான் ஒரு மாணவரோடு வந்திறங்கினார். கூடத்திலிருந்து கொண்டுவந்த வெள்ளைத் துணுக்கை உள்ளங்கையில் வைத்து அவரிடம் நீட்டினேன். ஒரே பார்வையில் முகம் வெளுத்துவிட்டது. ஒன்றையும் மறைக்கவில்லை, பாவம். அவர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. லைசென்ஸ் அதிகாரியிடம் மாணவரைக் கூட்டிப் போகுமுன் காரைக் கழுவி, டயருக்குப் பாலிஷ் போட்டு, உள்ளே வாசனை அடித்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் போவார். வண்டி பளிச்சென்று இருந்தால் அதிகாரியின் மனசு பாதி இளகிவிடும் என்பது அவர் நம்பிக்கை. நான் மண்ணை டெஸ்ட் பண்ணப்போகிறேன் என்றதும் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. அக்கா வேலைக்குப் போயிருந்த பகலில் அவள் மண் எடுக்கும் நான்கு இடங்களிலும் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை வாரி எடுத்துவிட்டு, நர்சரி மண்ணைக் கொட்டி, தண்ணீர் தெளித்து மட்டம் செய்து, மேலே இலைகளைத் தூவியிருக்கிறார்.

"ஃபெயில் ஆயிடுமோன்னு பயமா இருந்துச்சு" என்றார். பள்ளிப் பையன்போல் நின்றார். "யாரு ஃபெயில் ஆவாங்கன்னு யோசிக்கல."

அக்கா அவரைத் திட்டுவதற்காக வாயைத் திறந்தாள். ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. சிரிக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பழைய மண்ணை எங்கே கொட்டினீர்கள் என்று கேட்டேன். அதுதானே எனக்கு வேண்டும்.

கொட்டவில்லையாம். அவளுக்குப் பிடித்த மண்ணாயிற்றே, எறிய மனசு வரவில்லையாம். கார் டிக்கியைத் திறந்து காட்டினார். நான்கு மூட்டைகள், வாய் இறுகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸால் எழுதி: குழாய், கம்பி, படி, சுவர்.

"தனித்தனியாத்தான் வெச்சிருக்கேன்" என்றார் கொஞ்சம் ரோஷமாக. "கலக்குறதுக்கு நான் என்ன கிறுக்கனா?"

பக்கத்தில் நின்ற மாணவர் டிக்கிக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு வாரமாக அவருக்கு மேட்டில் வண்டி ஏறவே இல்லை. கிளட்ச் சரியில்லை, காலில் பலமில்லை, மனசில் தைரியமில்லை என்று அத்தான் தினமும் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது மாணவர் மூட்டைகளை விரலால் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு அத்தானை நிமிர்ந்து பார்த்தார்.

மூட்டைகளோடு நேராகக் கூடத்துக்குப் போனோம். சல்லடை சார் கோட்டை மாட்டிக்கொண்டு தானே வந்து நின்றார். குழாயடி மண்ணில் கவலைப்பட ஒன்றுமில்லை. படிக்கட்டு மண்ணும் அப்படித்தான். கம்பிக்குக் கீழே இருந்தது கொஞ்சம் கூடுதல். சுவரோர மண்ணைக் கொடுத்தபோது இயந்திரம் எண் காட்டவே மறுத்துவிட்டது. அதன் எல்லைக்கு மேலே போய்விட்டது. கரைசலில் தண்ணீர் விட்டு, அதிலிருந்து துளி எடுத்து மறுபடியும் தண்ணீர் விட்டு, இப்படி மெலிதாக்கி மெலிதாக்கித்தான் அதை எண்ணவே முடிந்தது. திரையைப் பார்த்து சல்லடை சார் மெதுவாக விசில் அடித்தார். அவர் விசில் அடித்து நான் கேட்டதில்லை.

ஈயத்திடம் இருக்கும் பெரிய கெட்ட குணம், அது எங்கேயும் போகாது. இலை மட்கும், எலும்பு மட்கும், துரு உதிரும். ஈயம் மட்டும் மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும், கடையை மூடிவிட்டுக் கடைக்காரர் போய்ச் சேர்ந்தாலும், ஊற்றிய இடத்திலேயே குந்திக்கொண்டிருக்கும். மற்ற மூன்று மூட்டைகளிலும் மண்புழு நெளிந்தது. சுவர் என்று எழுதிய மூட்டையில் ஒன்றுகூட இல்லை. ஒரு எறும்புகூட இல்லை.

அன்று அக்கா வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எப்படிக் கேட்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். மெதுவாக ஆரம்பிக்க வேண்டும், பயமுறுத்தக் கூடாது. அக்கா கட்டிலில் சாய்ந்து குழந்தைத் துணிக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஒத்திகை எல்லாம் பறந்துபோய்விட்டது.

"சுவரோரத்து மண்ணை எவ்வளவு தின்னே?"

"தின்னவே இல்லையே. ரெண்டு தடவை வாயில வெச்சேன், துப்பிட்டேன்."

"ஏன்?"

"இனிப்புடி அது" என்றாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல். "சாப்பாட்டுக்கு நடுவுல இனிப்பு சாப்பிட்டா பல்லு என்னத்துக்கு ஆகும்?"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். மூச்சு வாங்கியது. அக்கா ஊசியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். மண் தின்கிறவளுக்குப் பல் சொத்தையைப் பற்றிக் கவலை. அத்தான் ஓடிவந்து, என்ன என்ன என்று கேட்டு, விஷயம் தெரிந்ததும் அவரும் தரையில் உட்கார்ந்தார். ஆனாலும் இரண்டு தடவை என்பது சைபர் இல்லை. கம்பிக்குக் கீழே இருந்ததை வேறு தின்றிருக்கிறாள். டாக்டரம்மாவின் போன் வரும்வரை இந்தச் சிரிப்பு கடன் வாங்கிய சிரிப்புதான் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

காத்திருந்த நாட்களில் சும்மா இருக்கவில்லை. சல்லடை சார் சொல்ல வேண்டிய அலுவலகத்துக்குச் சொன்னார். முகமூடி போட்ட ஆட்கள் வந்து சுவரோரத்தைத் தார்ப்பாயால் மூடினார்கள். பிறகு தோண்டி, பீப்பாய்களில் அடைத்துக்கொண்டு போனார்கள். மெத்தை கிடங்குப் பக்கமும் தோண்டினார்கள். அங்கே காவல்காரர், தான் மெத்தைமேல் படுத்திருந்ததாகவும் கால்கூடத் தரையில் படவில்லையென்றும் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார். வீட்டுக்காரம்மா, நிலா மாதிரி மின்னும் என்று சொன்ன வாயாலேயே இப்போது பேட்டரிக்காரரின் பரம்பரையைத் திட்டிக்கொண்டு, வாசல் பக்கச் சுவரையொட்டித் தரையிலேயே வளர்த்த கீரையைப் பிடுங்கிப் பீப்பாயில் போட்டார். பிள்ளைகள் கோலி விளையாடும் குழி மட்டும் தெருவின் மறுகோடிக்கு இடம் மாறியது.

அதற்குப் பிறகு தெருவே அக்கா வீட்டு வாசலுக்கு வந்தது. பிஸ்கட் டப்பாவில், ஷூ பெட்டியில், குழந்தையின் கடற்கரை வாளியில், ஒரு பெரியவர் தன் தொப்பியில் என்று எல்லோரும் அவரவர் வீட்டு மண்ணைக் கொண்டுவந்தார்கள். அத்தான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாங்கிவைத்தார். வந்தவர்களிடமெல்லாம் கண்டிப்பாக ஒன்றைச் சொன்னார்: சலிக்காதீங்க, கழுவாதீங்க, கல்லைப் பொறுக்காதீங்க, அழுக்கா அப்படியே கொண்டாங்க. ஒரு பெண்மணி தன் வீட்டு மண்ணில் பன்னீர் தெளித்துக் கொண்டுவந்திருந்தார். அத்தான் முகர்ந்து பார்த்துவிட்டு, வயிறெரிந்து திருப்பி அனுப்பினார்.

ஈயம் இன்னும் மூன்று வீடுகளின் கொல்லை வரை ஓடியிருந்தது. தோண்டும் வேலை முடிய நாளாகும்.

டாக்டரம்மாவின் போன் ஒரு சாயங்காலம் வந்தது. அக்காவை வேலையிலிருந்து கூட்டிக்கொண்டு மூன்று பேரும் காரில் வந்துகொண்டிருந்தோம். பெரிய நாற்சந்தி. அக்கா போனைக் காதில் வைத்தாள். ம் என்றாள். மறுபடி ம் என்றாள். அத்தான் ரோட்டைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். அவர் ரோட்டைப் பார்க்காமல் ஓட்டி நான் பார்த்ததில்லை.

ரத்தத்தில் ஈயம் சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாதாம். அப்படி யாருடைய ரத்தமும் இந்தக் காலத்தில் இருக்காதாம். ஆனால் பயப்படும் அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை. மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும், மண்ணைச் சாப்பிடக் கூடாது, அடுத்த மாதம் வர வேண்டும். இதை அக்கா எங்களுக்குச் சொல்லி முடிக்கவில்லை, கார் ஒரு குலுக்குக் குலுக்கி நாற்சந்தியின் நட்டநடுவில் நின்றுவிட்டது.

அத்தான் சாவியைத் திருப்பினார். உறுமி, குதித்து, மறுபடி நின்றது. எத்தனையோ பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விசும்பினார். அக்கா ஒரு கையால் அவர் முதுகைத் தட்டிக்கொண்டும், மறு கையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தாள். நாலாபக்கமும் ஹாரன். பின் இருக்கையில் நான் யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் திரும்பித் திரும்பிச் சிரித்தேன்.

ஒரு மோட்டார் சைக்கிள்காரர் வண்டியை ஓரம்கட்டிவிட்டுக் கோபமாக வந்தார். கண்ணாடியைத் தட்டினார். பிறகு காரின் கூரைமேல் இருந்த டிரைவிங் ஸ்கூல் பலகை அவர் கண்ணில் பட்டது. உள்ளே அழுதுகொண்டிருந்த அத்தானையும் பார்த்தார். கோபமெல்லாம் இறங்கிவிட்டது.

"பதறாதீங்கண்ணே, புதுசுல எல்லாருக்கும் இப்படித்தான்" என்றார். "நியூட்ரல்ல போடுங்க. ஸ்டார்ட் பண்ணுங்க. கிளட்ச்சை மட்டும் மெதுவா விடணும், அவ்வளவுதான்."

"சரிங்க" என்றார் அத்தான், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அந்த மனிதர் எங்கள் காருக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கைகளையும் விரித்து நாற்சந்தியையே நிறுத்திவைத்தார். அத்தான் கியரை மாற்றினார், சாவியைத் திருப்பினார், கிளட்ச்சை மெதுவாக, ரொம்ப ரொம்ப மெதுவாக விட்டார். வண்டி மறுபடியும் நின்றுபோனது.